சவாரோ கள்ளி வாங்கி நடப்போகிறவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டு வாசலில் சவாரோ என்ற நெடிய தூண்கள்ளியை வைக்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு விற்றது 12 அடி, கிளையில்லாத ஒற்றைத் தண்டு. அடிக்கு இவ்வளவு என்று விலை, நடுகூலி தனி. மூன்றாவது கோடையில் சாய்ந்தது. தோண்டினால் வேரை வெட்டிவிட்ட கட்டைதான் இருந்தது. புது வேர் ஒன்றுகூட இல்லை. அடி கறுத்துக் கூழாகி, குடலைப் புரட்டும் நாற்றம்.

"ரெண்டு வருஷம் பச்சையாத்தானே நின்னுச்சு, உங்க பராமரிப்பு சரியில்ல" என்று விற்றவர் கைகழுவிவிட்டார். அங்கேதான் சூது. தண்டில் தேக்கிய நீரை வைத்தே இந்தக் கள்ளி வேர் பிடிக்காமல் ஒன்றிரண்டு வருஷம் பச்சை காட்டும். ஆறு மாத உத்தரவாதத்தால் பைசா பிரயோஜனமில்லை. இரண்டு வருஷமாவது எழுத்தில் வாங்குங்கள்.

நட்டதிலும் கோளாறு. சாயாமலிருக்க முட்டுக் கொடுக்கச் சோம்பல்பட்டு, பழைய மண்மட்டத்துக்கு மேலே ஓர் அடி புதைத்திருக்கிறார்கள். தண்டின் அடியில் நிறம் மாறும் கோடுதான் பழைய மண்மட்டம். அதற்கு மேல் மண் ஏறினால் பச்சைத் தோல் அழுகும். பக்கவேர்கள் சில அங்குல ஆழத்திலேயே, செடியின் உயரத்துக்கு ஈடாகப் படர்பவை. பெயர்க்கும்போது பெரும்பகுதி அறுபடத்தான் செய்யும், ஆனால் சுற்றிலும் ஓரிரு அடியாவது விட்டு வெட்ட வேண்டும். லாரியிலிருந்து இறக்கும்போதே வேரைப் பாருங்கள். தெற்குப் பக்கத்துக்கு அடையாளம் போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள்; திசை மாற்றி நட்டால் வெயில் காணாத பக்கம் வெந்து மஞ்சளாகும்.

உரமோ மக்கோ வேண்டாம், தோண்டிய மண்ணையே நிரப்பினால் போதும். வேரின் வெட்டுக்காயம் ஆறும்வரை, அதாவது ஒரு வாரமாவது, தண்ணீர் காட்டக் கூடாது. பிறகு கோடையில் மழையில்லாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் அறவே வேண்டாம். எங்களிடம் தினமும் சொட்டுநீர் விடச் சொன்னார்கள்!

பாலைவனத்தில் பெயர்த்த சவாரோவுக்கு அரிசோனா வேளாண் துறையின் அனுமதியும் அடையாளச் சீட்டும் வேண்டும். "அப்புறம் தருகிறேன்" என்றால் வாங்காதீர்கள், திருட்டுச் செடியாக இருக்கலாம்.

ஏற்கெனவே நட்டுவிட்டவர்கள் தண்டில் கறுப்பு நீர் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் அழுகலை நல்ல சதை தெரியும்வரை சுரண்டி, 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து கழுவுங்கள். சுரண்டிய குழியில் நீர் தேங்காதபடி கீழ்விளிம்பைச் சரிவாக வெட்டி, திறந்தே விடுங்கள். சிமெண்ட் வைத்து அடைக்க வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.