75 வாட்டா, 28 வாட்டா? மின்விசிறி மாற்றிய கணக்கு

சென்ற ஆண்டு கோடைக்கு முன்பு கூடத்திலும் படுக்கையறையிலும் மின்விசிறிகளை மாற்றினேன். பழையவை 75 வாட் சாதா மோட்டார். புதியவை 28 வாட் பிஎல்டிசி, அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டார்; அதை ஒரு சர்க்யூட் போர்டு இயக்கும். காற்றில் பெரிய வேறுபாடு இல்லை. ரிமோட் வசதி, இன்வெர்ட்டர் பேட்டரி கூடுதல் நேரம் தாங்குவது எல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். எனக்கு முக்கியமாகப் பட்டது யூனிட் கணக்கு.

வாட் என்பது மின்சாரம் செலவாகும் வேகம்; யூனிட் என்பது செலவான மொத்த அளவு. 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எங்கள் மீட்டரில் யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் மீட்டரின் சிவப்பு விளக்கு ஒரு முறை மின்னும். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பழைய விசிறியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டேன். சிவப்பு விளக்கு 15 நொடிக்கு ஒரு முறை மின்னியது. புதியதை மாட்டிய பிறகு அதே இடத்தில் நின்று எண்ணினேன். 40 நொடி!

நாளுக்கு 15 மணி நேரம் என்றால் 60 நாளில் பழையது 67.5 யூனிட் இழுக்கும், புதியது 25.2. இரண்டு விசிறிக்கும் சேர்த்து ஏறத்தாழ 85 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் உயர்ந்த கட்டணம் வந்துவிடும். எங்கள் கோடைக் கணக்கு 540 வாக்கில் இருந்தது, இப்போது 455. அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியதில்தான் பில் கண்கூடாகக் குறைந்தது.

பழுது என்று வந்தால் சாதா விசிறிதான் எளிது. கப்பாசிட்டர் போனால் தெருமுனை எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். பிஎல்டிசியில் சர்க்யூட் போர்டு போனால் போர்டையே மாற்றவேண்டி வரலாம். என் விசிறிகளில் இதுவரை கோளாறு இல்லை. ஆனாலும் இந்தக் குறுகிய அனுபவத்தை வைத்துப் பத்தாண்டுக்கு உறுதி சொல்ல மாட்டேன்.

பூஜை அறை விசிறியை மாற்றவில்லை. நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடுவதை மாற்றினால் இரண்டு மாதத்தில் மூன்று யூனிட்கூட மிஞ்சாது.