“வைரஸ்” என்று சொல்லி 18,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: பில்லிங் மென்பொருள் வைத்திருக்கும் கடைக்காரர்கள் கவனத்துக்கு

18,500 ரூபாய். அவ்வளவு லாபம் பார்க்க எத்தனை அட்டை மாத்திரை விற்க வேண்டும் என்பது மருந்துக் கடை நடத்துகிறவர்களுக்குத் தெரியும். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். பெயர் போடவில்லை. மருந்துக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் விற்று, பராமரிப்பும் பார்க்கும் ஒரு நிறுவனம். உங்களுக்கும் இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

“பில்லைச் சேமிக்க இயலவில்லை” என்று திரையில் ஒரு பெட்டி வரும். ஏன் என்று ஒரு சொல் இருக்காது. எல்லா பில்லுக்கும் வராது. பாராசிட்டமாலுக்கும் இருமல் மருந்துக்கும் பில் ஓடும். செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் மாதிரி, மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய எச்1 பட்டியல் மருந்தைக் கொடுத்துவிட்டு, மருத்துவரின் சீட்டைப் படம் எடுத்து இணைத்தால் நின்றுவிடும். எச்1 மருந்து என்றால் எழுதிக் கொடுத்த மருத்துவர், நோயாளி, கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் ஏற்றி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். போனால் போகட்டும் என்று விடக்கூடிய பில் அல்ல.

முதல் அழைப்பிலேயே சொன்னேன்: “படம் சேர்த்தால்தான் நிற்கிறது தம்பி, மற்றதெல்லாம் ஓடுகிறது.” எந்த பில், எப்போதிலிருந்து என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. “வேறு எந்தக் கடையிலும் இப்படி வரவில்லை அக்கா. உங்கள் கம்ப்யூட்டரில்தான் வைரஸ்” என்றார்கள். படம் எடுக்காத கடைகளில் எப்படி வரும்?

கடை மூடும் நேரத்துக்கு ஒரு பையன் வந்தான். மரியாதையான பையன், அதைச் சொல்லத்தான் வேண்டும். கம்ப்யூட்டரை முழுக்க அழித்து, விண்டோஸை ஏற்றி, மென்பொருளைப் புதிதாகப் போட்டான். திரையை என் பக்கம் திருப்பி, “நீங்களே எச்1 பில் ஒன்று படத்தோடு போட்டுப் பாருங்கள் அக்கா” என்றான். போட்டேன். நொடியில் சேமித்தது, பிரின்டரும் ஓடியது. அந்த நிம்மதியில்தான் அங்கேயே 18,500 ரூபாயை ஜிபே செய்தேன். வைரஸ் நீக்கம், பார்மேட், லைசென்ஸ் மாற்றம் என்று மூன்று வரியில் ஒரு ரசீது. “பழைய கணக்கு ராத்திரியே ஏறிவிடும், கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

காலையில் பழைய கணக்கு ஏறியிருந்தது. பழைய பெட்டியும் வந்தது. அவன் எனக்கு ஓட்டிக் காட்டியது, பழைய கணக்கு எதுவும் ஏறாத காலியான தரவுத்தளத்தில் (பில் கணக்கெல்லாம் சேரும் இடம்)!

பிறகு அந்தப் பையன் தொலைபேசியை எடுக்கவில்லை. அலுவலகத்துக்குப் பேசினால் சீனியர் லீவு. அடுத்து, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம், புதுப்பித்தால்தான் பார்ப்பார்களாம். அப்படியானால் 18,500 ரூபாய் எதற்கு வாங்கினீர்கள் என்றேன். “அது சர்வீஸ் சார்ஜ் அக்கா.” நடுவில் ஒரு குறுஞ்செய்தி: உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது. யார் தீர்த்தது?

என் தங்கை மகன் மென்பொருள் வேலையில் இருக்கிறான். வீடியோ அழைப்பில் பார்த்தான். விண்டோஸிலேயே, கம்ப்யூட்டரில் பதிவாகும் பிழைகளைக் காட்டும் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. அதில் அப்ளிகேஷன் பகுதியைத் திறக்கச் சொன்னான். சிவப்புக் குறியோடு வரிசையாக ஒரே பிழை, எண் 1827. தரவுத்தளம் 10240 எம்.பி. வரம்பைத் தாண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. இந்த மென்பொருள் கணக்கை வைப்பது எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸில். அது மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளின் இலவசப் பதிப்பு. என் கம்ப்யூட்டரில் இருப்பதில் ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜி.பி.தான் இடம். கைபேசியில் எடுத்த சீட்டுப் படம் 3, 4 எம்.பி. வரும். அதைத் தனிக் கோப்பாக வைக்காமல் தரவுத்தளத்துக்குள்ளேயே திணித்திருக்கிறார்கள். மிச்சம் மீதி இருந்த இடுக்கில் சின்ன பில்கள் ஏறிக்கொண்டிருந்தன, படத்துக்கு இடமில்லை. இதற்குக் கம்ப்யூட்டரை அழித்தது, தலைவலி என்று வந்தவருக்குக் காலில் கட்டுப் போட்டது போல. சர்வர் தெளிவாகச் சொன்ன காரணத்தை மறைத்து “இயலவில்லை” என்று காட்டும்படி எழுதியதும் இவர்கள்தான். பார்மேட்டில் பழைய பிழைப் பதிவுகள் போயின, டெஸ்க்டாப்பில் ஸ்கேன் செய்து வைத்திருந்த கொள்முதல் பில்களும் போயின. பில் ஏறாமல் நிற்கும்போது, மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனைக் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும், அதை யாரிடம் சொல்ல?

படங்களைத் தனி ஃபோல்டருக்கு மாற்றித் தரவுத்தளத்தைச் சுருக்கினால் போதும் என்கிறான் அவன். மென்பொருளைத் திருத்த வேண்டியது நிறுவனம். எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை.

சொல்கிறேன் என்ற யோசனைகள்: பார்மேட் என்றால் உடனே தலையாட்டாதீர்கள். முதலில் ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், சிவப்பு வரியைப் படம் எடுத்து வையுங்கள். உங்கள் பழைய கணக்கு ஏறி, அதில் பில் ஓடிய பிறகு பணம் கொடுங்கள். பேக்கப் பென் டிரைவ் உங்கள் கையில் இருக்கட்டும். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் நான் புகார் சொல்லப்போகிறேன். 18,500 ரூபாய் திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.