ரெய்ட் 5 எண்டு காசு வாங்கிப்போட்டு ரெய்ட் 0 போட்டுத் தந்தாங்கள்

கொழும்பில சேர்வர் கட்டுவிக்கப் போற ஆக்கள், முக்கியமா ஸ்டூடியோ வச்சிருக்கிறவை, இத ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ.

வெள்ளவத்தையில கலியாணப் படம் எடுக்கிறனான். போன வருசம் ஒரு கடையில (பேர் போடேல்ல, லோயர் கடிதத்துக்கு மறுமொழி எழுத எனக்கு நேரமில்ல) 4 டிபி டிஸ்க் நாலு, ரெய்ட் கார்ட் ஒண்டு எல்லாம் சேத்து சேர்வர் எடுத்தன். ரெய்ட் எண்டா கன டிஸ்க்க ஒண்டாச் சேத்துப் பாவிக்கிற முறை, 5 எண்டா ஒரு டிஸ்க் செத்தாலும் படங்கள் தப்பும், 0 எண்டா ஒண்டு செத்தாலே எல்லாம் போச்சு. பில்லில வடிவா ரெய்ட் 5 எண்டு இருக்கு. "அண்ணை, ஒரு டிஸ்க் செத்தாலும் ஒண்டும் நடக்காது, புதுசு கொழுவினா தானா நிரம்பும்" எண்டான் பெடியன்.

முதல் நாளே விண்டோஸில 14.5 டிபி எண்டு காட்டினது, நான் மடையன், இடம் கூடத்தான் தந்திருக்கிறாங்கள் எண்டு சந்தோசப்பட்டனான். நாலு டிஸ்க்கில ரெய்ட் 5 போட்டா ஒரு டிஸ்க் அளவு இடம் பரிட்டிக்கு (செத்த டிஸ்க்கில இருந்தத திருப்பி எடுக்க வைக்கிற தகவல்) போயிடும், மிச்சம் 12, அத விண்டோஸ் 1024 கணக்கில 10.9 எண்டுதான் காட்டும். 14.5 காட்டினா அது ரெய்ட் 0, பாதுகாப்பு ஒரு சொட்டும் இல்ல.

வைகாசி மழைக்க ரெண்டு மூண்டு தரம் கரண்ட் போய் வந்தது. அடுத்த நாள் காலம கார்ட் கீ கீ எண்டு கத்துது, மூண்டாவது டிஸ்க்கில லைற் செம்மஞ்சள். நான் பதறவே இல்ல, ரெய்ட் தானே எண்டு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டுதான் கடைக்கு கோல் எடுத்தன்.

பிறகு பழுதான டிஸ்க்கில இருந்து படங்கள மீட்டுத் தாற ரெக்கவரி ஆளிட்ட குடுத்தன், அவர்தான் கார்ட் மெனுவத் திறந்து ரெய்ட் 0 எண்டு இருக்கிறத காட்டினார். கார்டையும் கழட்டினார், பற்றரி ஊதி உறை பிளந்து கிடக்கு, அடியில பழைய தூசு, புதுசெண்டு வித்த சாமான். ரெய்ட் 0 எல்லாத்தையும் 64 கேபி துண்டா வெட்டி நாலு டிஸ்க்குக்கும் பிரிச்சு எழுதுறதால ஒரு படமே நூத்துக்கணக்கான துண்டாம், அதில நாலில ஒரு பங்கு இல்ல. 11 கலியாணம் போச்சு. மனுசி கத்திக் கத்தி போர்ட்டபிள் ஹாட் டிஸ்க்கில கொப்பி பண்ணுவிச்ச 3 தான் மிச்சம். வேற கொப்பி வைக்காதது என்ர பிழை, மறைக்கேல்ல, உண்மையான ரெய்ட் 5 எண்டாலும் ரெண்டாவது டிஸ்க்கும் சேந்து செத்தா எல்லாம் போகும்.

சேர்வர் எடுக்கேக்க நாலு டெஸ்ட் படம் போட்டு, கடைக்காரனையே ஒரு டிஸ்க்க இழுக்கச் சொல்லுங்கோ, அதுக்குப் பிறகும் படம் திறக்கோணும். மாட்டன் எண்டா எழும்பி வாங்கோ.

கடையில "வாரண்டி டிஸ்க்குக்குத்தான் அண்ணை" எண்டு புதுசு ஒண்ட நீட்டினாங்கள். பில்லக் காட்டினன். ரெய்ட் 5 எண்டது டைப்பிங் மிஸ்டேக்காம். அந்த பில்லோடதான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு போட்டிருக்கு.