ஆர்சிஏவிலிருந்து எக்ஸ்எல்ஆருக்கு: எந்த கேபிளுக்குப் பணம் தரலாம்?

யமஹா எச்எஸ்5, ஜேபிஎல் 305பி போன்ற ஸ்டுடியோ ஸ்பீக்கர்களின் பின்புறம் எக்ஸ்எல்ஆர் (மூன்று முனையுள்ள வட்ட பிளக்), டிஆர்எஸ் (மூன்று இணைப்புப் பகுதியுள்ள தடித்த ஜாக்) உள்ளீடுகள் மட்டுமே இருக்கும். வீட்டிலுள்ள சிடி பிளேயரிலோ பெரும்பாலும் நடுமுள்ளும் சுற்றி வெளிவளையமும் கொண்ட ஆர்சிஏ வெளியீடுதான். இரண்டையும் இணைக்க அடாப்டர், இருகம்பி கேபிள், டிரான்ஸ்ஃபார்மர் என மூன்று வழிகள் உண்டு. என் தேர்வு நடுவில் இருப்பது.

ஆர்சிஏவில் சிக்னல் ஒரு கம்பியில் போய், அதைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டு வழியாகத் திரும்புகிறது. இரு கருவிகளின் எர்த்துக்கு இடையே ஓடும் சிறு மின்னோட்டமும் அதே ஷீல்டில்தான் பாய்கிறது. அதனால் எழும் மின்னழுத்தம் பாட்டோடு கலந்து, 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளுமாக 'ம்ம்' என்று கேட்கிறது. இதுதான் ஹம். எக்ஸ்எல்ஆர், டிஆர்எஸ் போன்ற பேலன்ஸ்டு உள்ளீடு இரு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்வதால், இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சல் கழிந்துவிடுகிறது.

கடையில் கிடைக்கும் சிறிய அடாப்டர் எக்ஸ்எல்ஆரின் 3-ஆம் முனையை 1-ஆம் முனையோடு சேர்த்துவிடுகிறது. பாட்டு கேட்கும், இரைச்சலைக் கழிக்கும் வசதி போய்விடும். ஒரு மீட்டர் கேபிள், எல்லாம் ஒரே பிளக் போர்டில் என்றால் இதுவே போதும்.

இருகம்பி ஷீல்டு கேபிளில் ஆர்சிஏவின் நடுமுள்ளை 2-ஆம் முனைக்கும், வெளிவளையத்தை 3-ஆம் முனைக்கும் தனித்தனிக் கம்பியில் கொண்டுபோக வேண்டும். ஷீல்டு 1-ஆம் முனையிலிருந்து வந்து, ஆர்சிஏ பக்கத்தில் மட்டும் வெளிவளையத்தோடு சேர வேண்டும். இப்போது எர்த் மின்னோட்டம் ஷீல்டிலும் சிக்னல் தன் கம்பிகளிலும் பிரிந்து போகின்றன. அனுப்பும் கருவி அன்பேலன்ஸ்டாகவே (ஆர்சிஏ போல ஒரே கம்பியில் சிக்னல் தருவதாகவே) இருந்தாலும், வாங்கும் பக்கம் தன் வேலையைச் செய்ய இது போதும். பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்தால் குறைந்த செலவில் செய்துவிடலாம். தங்க முலாம் பூசிய பிளக்குக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள்.

அதற்கும் ஹம் அடங்கவில்லையா? கம்ப்யூட்டரும் கேபிள் டிவி வயரும் சேரும் இடங்களில் இது நடக்கும். அங்கே டிரான்ஸ்ஃபார்மர் இரு கருவிகளுக்கும் இடையிலான மின்தொடர்பையே துண்டிக்கிறது. மலிவானவை ஆழ்ந்த பேஸை விழுங்கிவிடும், அதனால் நல்லதாக வாங்க வேண்டும். ஹம்முக்குப் பயந்து பவர் பிளக்கின் எர்த் முனையை மட்டும் யாரும் கழற்றிவிடாதீர்கள். அது உயிரைக் காப்பது.

போனின் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக்கை ஒற்றை டிஆர்எஸ் உள்ளீட்டில் செருகுவதும் தவறு. அந்த உள்ளீடு இடது சேனலிலிருந்து வலதைக் கழிக்கும். இரண்டிலும் சமமாக இருக்கும் பாடகரின் குரல் காணாமல் போகும். இடதையும் வலதையும் பிரித்துத் தரும் கேபிள்தான் வேண்டும்.

ஒரு டிஏசியில் (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) ஆர்சிஏ, எக்ஸ்எல்ஆர் இரண்டு வெளியீடும் இருந்தால் எக்ஸ்எல்ஆர் தெளிவாக ஒலிப்பதாகத் தோன்றும். வழக்கமாக ஆர்சிஏவில் 2 வோல்ட், எக்ஸ்எல்ஆரில் 4 வோல்ட். அந்த 6 டெசிபல் கூடுதல் சத்தம்தான் காரணம். ஒலியளவைச் சமமாக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

எக்ஸ்எல்ஆர் வெளியீட்டை ஆர்சிஏ ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பதானால் கையேட்டைப் பார்க்காமல் தொடங்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் வெளியீடாக இருந்தால் 3-ஆம் முனையை எர்த்தோடு சேர்க்க வேண்டும். இரு முனைகளையும் தனித்தனி ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) இயக்கும் சாதாரண வெளியீட்டில் அப்படிச் சேர்ப்பது ஷார்ட் சர்க்யூட். அங்கே 3-ஆம் முனையை எதனோடும் இணைக்காமல் விட வேண்டும்.