ஏற்காட்டு 'மூலிகைப் பொடுகு ஷாம்பு': காசு கொடுக்கும் முன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

ஏற்காட்டில் ஏரிப் பக்கம் உள்ள ஒரு கடையில், 'சேர்வராயன் மலை மூலிகை' என்று சொல்லி 200 மில்லி பொடுகு ஷாம்புவை 450 ரூபாய்க்குத் தள்ளிவிடுகிறார்கள். வாங்கியவர்கள் ஏமாந்த விதம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். உச்சந்தலையில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்துக் காட்டுவார்கள், ஜிவ்வென்று குளிரும். "ஒரே வாரம்ங்க, பொடுகு வேரோட போயிரும்." பில் கேட்டால், "சின்னக் கடைங்க, பில்லெல்லாம் போடறதில்லீங்க." இரண்டு குளியலுக்குத் தலை சுத்தமாகத் தெரியும். அடுத்த வாரம் அரிப்பு திரும்பும், தோள்பட்டையில் மறுபடி வெள்ளையாக உதிரும். சண்டை போட 20 கொண்டை ஊசி வளைவு ஏறி யார் வரப்போகிறார்கள்? அந்தத் தைரியத்தில்தான் வியாபாரம் நடக்கிறது.

குளிர்ச்சி என்பது மென்தாலோ கற்பூரமோ செய்யும் வேலை. அரிப்பைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கும், பொடுகைத் தொடாது. தலை சுத்தமாகத் தெரிவது பிசுபிசுப்பால்: எண்ணெய்ப் பசை உள்ள ஷாம்பு செதில்களைத் தலையோடு ஒட்டிவைப்பதால் அவை உதிர்வதில்லை, அவ்வளவுதான். பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை. எல்லார் தலையிலும் அது உண்டு. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெயை உடைத்துத் தின்றுவிட்டு ஒலீயிக் அமிலத்தை மிச்சம் விடும். அந்த அமிலம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தோல் வேகமாகச் செதில் செதிலாக உரியும். இரவெல்லாம் எண்ணெய் ஊறவைத்தால் பொடுகு அடங்கும் என்ற நம்பிக்கை எடுபடாததற்கும் இதுவே காரணம். பூஞ்சைக்கு விருந்து வைத்த கதைதான்.

ஆகவே முன்பக்கத்து இலை, வேர்ப் படங்களை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் மருந்தின் பெயரைத் தேடுங்கள். கீட்டோகோனசோல் 2%, ஜிங்க் பைரிதியோன் 1%, செலினியம் சல்ஃபைடு 1% அல்லது 2.5%, இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். பைராக்டோன் ஓலமைன் உள்ளதும் லேசான பொடுகுக்குப் போதும். செதில் தடித்திருந்தால் சாலிசிலிக் அமிலம் சேர்ந்தது உதவும். அது செதிலைத் தளர்த்தும். பெயரில் 'கீட்டோ' என்று ஒட்டவைத்துவிட்டு உள்ளே கீட்டோகோனசோலே இல்லாத பாட்டில்களும் உண்டு, கவனம். உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதி, தயாரிப்பாளர் முகவரி, எம்.ஆர்.பி. இதில் எது இல்லாவிட்டாலும் வைத்துவிட்டு நகருங்கள். பெயரில்லாத 'லோஷன்' ஒரே நாளில் அரிப்பை அடியோடு நிறுத்தினால் இன்னும் உஷார்; ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும், நாள்பட்டால் தோல் மெலியும்.

சரியான மருந்து ஷாம்புவும் பலிக்கவில்லை என்பவர்களில் பலர் அதைப் போட்ட கையோடு அலசிவிடுகிறவர்கள். மருந்துக்குத் தோலில் தங்க நேரம் வேண்டும். எண்ணெய்த் தலையாக இருந்தால் முதலில் சாதாரண ஷாம்புவால் ஒருமுறை கழுவிவிடுங்கள். பிறகு மருந்து ஷாம்பு 5 முதல் 10 மில்லி, அதாவது ஒன்றிரண்டு டீஸ்பூன். முடியில் நுரை பொங்கி என்ன பயன், வகிடு வகிடாகப் பிரித்து விரல் நுனியால் தோலில் படும்படி தேய்க்க வேண்டும். நகம் வேண்டாம். 3 முதல் 5 நிமிடம் விட்டு நன்றாக அலசுங்கள். கீட்டோகோனசோல் 2% என்றால் வாரம் இருமுறை, 2 முதல் 4 வாரம். அடங்கியபின் வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அடங்கியதும் அடியோடு நிறுத்தினால் திரும்பி வரும். பூஞ்சை எங்கும் போய்விடவில்லை.

செலினியம் சல்ஃபைடு நகையைக் கறுக்கவைக்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஆசையாக எடுத்த வெள்ளிக் கொலுசு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுக் குளியுங்கள்.

போர்வெல் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு ஒன்று. 'கையால் செய்த இயற்கை ஷாம்பு' என்று விற்பதில் பல, திரவச் சோப்புதான். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து வெள்ளைப் படிவாக முடியில் ஒட்டும். அதைப் பொடுகு என்று நினைத்து இன்னும் அதிகமாக அதையே போடுகிறார்கள்.

காதுக்குப் பின்னும் நெற்றி ஓரத்திலும் தடித்த வெள்ளி நிறத் திட்டு, குழந்தைகளுக்கு முடி ஒடிந்து வட்டமாகச் சொட்டை, தோலில் நீர்க்கசிவு, இவற்றுக்கு ஷாம்பு வேலைக்கு ஆகாது. தோல் மருத்துவரிடம் போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்க்கலாம். குழந்தைகளுக்கு வட்டமாகச் சொட்டை விழவைக்கும் தலைப்படை என்ற பூஞ்சைத் தொற்றுக்கு உள்ளுக்கு மாத்திரை தேவைப்படும்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். உரிம எண் இல்லாத பாட்டில் என்றால் மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதுங்கள். பில் இல்லையே என்று விட்டுவிட வேண்டாம், யுபிஐ-யில் கட்டிய பதிவு, பாட்டிலின் நான்கு பக்கப் படம், கடை போர்டின் படம் போதும். மிச்சமிருக்கும் ஷாம்புவைக் கோபத்தில் கொட்டிவிடாமல் மூடியோடு அப்படியே வைத்திருங்கள்.