எக்ஸ்ஃபேட்டா, என்டிஎஃப்எஸ்ஸா? விண்டோஸுக்கும் மேக்குக்கும் நடுவே ஒரே டிரைவ்

விண்டோஸில் எடிட் செய்த வீடியோவை மேக்புக்கில் திறக்க வேண்டும். நடுவில் ஒரு உபுண்டு (லினக்ஸ்) கணினியும் இருக்கிறது. மூன்றுக்கும் பொதுவான 2 டிபி டிரைவுக்கு எந்த ஃபார்மட் (டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) சரி? எக்ஸ்ஃபேட்தான். ஆனால் அதை எப்படி ஃபார்மட் செய்கிறோம், அதில் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே கோப்புகள் பத்திரமாக இருக்கும்.

ஃபேட்32ஐ எல்லாக் கருவியும் படிக்கும்: பழைய டிவி, கார் ஸ்டீரியோ, பயாஸ் அப்டேட் எதுவானாலும். ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டக்கூடாது. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ ஆறு நிமிடத்துக்குள் அந்த எல்லையைத் தொட்டுவிடும். டிரைவில் 1 டிபி காலியாக இருந்தாலும் “கோப்பு மிகப் பெரியது” என்று காப்பி நின்றுபோவது இதனால்தான். பாட்டு போடும் பென்டிரைவுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

என்டிஎஃப்எஸ் உறுதியானது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஜர்னலில் குறித்துக்கொண்டு எழுதுவதால், நடுவில் கேபிள் கழன்றாலும் கோப்புறை அமைப்பு பெரும்பாலும் தப்பிக்கும். சிக்கல் மேக்கில்தான்: திறக்கும், படிக்கும், ஆனால் எழுத விடாது. எழுத வேண்டுமானால் பாராகான், டக்ஸேரா போன்ற கட்டண மென்பொருள் தேவை. அதை டிரைவ் போகும் ஒவ்வொரு மேக்கிலும் நிறுவ வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 5.15 பதிப்பு (2021) முதல் இதைப் படித்து எழுதும் டிரைவர் மென்பொருள் உள்ளேயே இருக்கிறது. அதற்கு முன்பு அந்த வேலையைச் செய்தது என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற தனி மென்பொருள். மேக்கில் படித்தால் மட்டும் போதும் என்பவர் யோசிக்காமல் இதையே எடுக்கலாம்.

எக்ஸ்ஃபேட்டில் 4 ஜிபி தடை இல்லை. விண்டோஸும் மேக்கும் இரண்டுமே எழுதும். லினக்ஸ் கெர்னல் 5.4லிருந்து ஆதரவு வந்துவிட்டது, 5.7ல் சாம்சங் எழுதிய டிரைவர் சேர்ந்தபின் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் இதற்கு ஜர்னல் கிடையாது. காப்பி ஓடும்போது கேபிளைப் பிடுங்கினால், எந்த இடம் காலி, எந்த இடம் நிரம்பியது என்ற கணக்கே குழம்பும். அப்படிக் குழம்பிய டிரைவை மேக்கில் சொருகினால் நெடுநேரம் திரையில் வராது. டிரைவ் செத்துவிட்டது என்று பயந்து மறுபடி பிடுங்கிவிடாதீர்கள். மேக் பின்னணியில் அதைச் சோதித்துக்கொண்டிருக்கலாம். ஓடும் வேலைகளைக் காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரில் ‘எஃப்எஸ்சிகே’ (fsck) என்று தொடங்கும் பெயர் ஓடினால் முடியும்வரை காத்திருங்கள்.

அதிகம் பேர் கவனிக்காதது அலகு அளவு, அதாவது கோப்புக்கு டிரைவ் ஒதுக்கும் மிகச் சிறிய துண்டின் அளவு. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவை விண்டோஸ் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யும்போது இயல்பாக 128 கேபி அலகு எடுக்கும். 2 கேபி கோப்பும் 128 கேபியைப் பிடித்துக்கொள்ளும். அப்படி 20,000 சிறு கோப்புகள் இருந்தால் 40 எம்பிக்குப் பதில் சுமார் 2.5 ஜிபி போய்விடும். இது போதாதென்று, மேக் பல கோப்புகளுக்குப் பக்கத்தில் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் மறைகோப்பு ஒன்றை வைக்கும். அதற்கும் தனி அலகு. வீடியோ மட்டும் என்றால் 128 கேபி இருக்கட்டும். புரோகிராம் கோடு, ஆவணங்கள், சிறு படங்கள் என்றால் ‘அலொகேஷன் யூனிட் சைஸ்’ என்ற இடத்தில் 32 கேபி தேர்ந்தெடுங்கள்.

முடிந்தவரை விண்டோஸிலேயே ஃபார்மட் செய்யுங்கள். மேக்கில்தான் முடியும் என்றால் டிஸ்க் யுடிலிட்டியில் ‘வியூ’ மெனுவுக்குப் போய் ‘ஷோ ஆல் டிவைசஸ்’ கொடுத்து, மேலே இருக்கும் முழு டிரைவைத் தேர்ந்தெடுத்து இரேஸ் செய்யுங்கள். ஃபார்மட் எக்ஸ்ஃபேட், ஸ்கீம் (டிரைவ் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு) ‘ஜியுஐடி பார்ட்டிஷன் மேப்’. கீழே உள்ள வால்யூமை மட்டும் தேர்ந்தெடுத்தால் ஸ்கீம் கேட்கவே கேட்காது. பழைய ஸ்கீமே தங்கி, விண்டோஸில் டிரைவ் தெரியாமல் போகலாம். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும்; முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

ஆப்பிளின் சொந்த ஃபார்மட்டான ஏபிஎஃப்எஸ், மேக்கை விட்டு நகராத டிரைவுக்கு. விண்டோஸ் தானாக அதைப் படிக்காது. ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள். இஎக்ஸ்டி4 அதேபோல லினக்ஸுக்கே உரியது.

மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் எக்ஸ்ஃபேட்டை ஏற்காது. பேக்கப்பும் வேண்டும், பரிமாற்றமும் வேண்டும் என்றால் டிரைவை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்து, ஒன்றை ஏபிஎஃப்எஸ், மற்றதை எக்ஸ்ஃபேட் ஆக்கலாம். ஆனால் ஒரே டிரைவ் என்பதால், கீழே விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். எக்ஸ்ஃபேட்டில் இருக்கும் எதற்கும் வேறொரு டிரைவில் நகல் வைத்திருங்கள். பிடுங்கும் முன் விண்டோஸ் என்றால் ‘சேஃப்லி ரிமூவ்’, மேக் என்றால் ‘இஜெக்ட்’. டிரைவின் விளக்கு சிமிட்டுவது நின்ற பிறகுதான் கேபிளில் கை வைக்க வேண்டும்.