மங்குஸ்தானா, ரம்புட்டானா: ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால்?

இரண்டும் தென்கிழக்கு ஆசிய மழைக்காட்டுப் பகுதியைச் சேர்ந்தவை, இரண்டுக்கும் வெப்பமும் ஈரக்காற்றும் வேண்டும், அதனால் ஒன்று வளரும் இடத்தில் பெரும்பாலும் மற்றதும் வளரும். பொறுமை இருந்தால் மங்குஸ்தான், சீக்கிரம் பழம் வேண்டும் என்றால் ஒட்டு ரம்புட்டான், இதுதான் என் முடிவு. விதை போட்டு வளர்த்த ரம்புட்டான் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஏனென்றால் அந்தக் கன்று ஆணா, காய்க்கிற மரமா என்று பூக்கும் வரை தெரியாது. 5, 6 வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த பிறகு அது ஆண் மரம் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்! காய்த்தாலும் தாய்மரத்தின் ருசி வரும் என்று சொல்ல முடியாது. நல்ல ஒட்டுக்கன்று 2, 3 வருஷத்திலேயே காய்க்கத் தொடங்கிவிடும்.

மங்குஸ்தான் இதற்கு நேர் எதிர். அதன் விதை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உருவாகிறது, அதனால் கன்று கிட்டத்தட்ட தாய்மரத்தின் நகல், ஆண் மரமும் தேவையில்லை. ஒட்டுக்கன்று கொஞ்சம் முந்திக் காய்க்கும்தான், ஆனால் மரம் குட்டையாகவே நின்று காய்ப்பும் குறைவதால் நான் விதைக்கன்றையே சொல்வேன். விதையைக் காயவிடாதீர்கள், செத்துவிடும். பழத்தை உரித்த கையோடு கழுவி ஊன்ற வேண்டும். அப்புறம்தான் உண்மையான வேலை. வேர்த்தூவிகள் இல்லாத பலவீனமான வேர் என்பதால் மண் காயவே கூடாது, முதல் 2, 3 வருஷம் நிழலும் கட்டாயம். முதல் பழத்துக்கு 7, 8 வருஷம் ஆகும், சில மரங்கள் 10 வருஷத்தையும் தாண்டும்.

ருசியில் எனக்குச் சந்தேகமே இல்லை, புளிப்பும் இனிப்பும் கலந்து கரைகிற மங்குஸ்தான் சுளைக்கு ஈடு கிடையாது. ரம்புட்டானும் இனிப்புதான், ஆனால் பல ரகங்களில் கொட்டையின் தோல் சதையோடு ஒட்டிக்கொண்டு வந்து வாயில் நெருடும். ஒட்டுக்கன்று வாங்கும்போது சதை சுத்தமாகப் பிரியும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

பறிப்பதிலும் வித்தியாசம் உண்டு. ரம்புட்டான் பறித்த பிறகு பழுக்காது, நன்றாக நிறம் ஏறிய பிறகே கொத்தாக வெட்ட வேண்டும், இரண்டு மூன்று நாளில் மயிர் போன்ற முட்கள் கறுத்துவிடும். மங்குஸ்தானை லேசாகச் சிவக்கும்போதே பறிக்கலாம், வைத்திருந்தால் கருஞ்சிவப்பாகப் பழுக்கும். கீழே மட்டும் விழவிடாதீர்கள், அடிபட்ட இடத்தில் தோல் கல்லாக இறுகி உள்ளே சுளையும் கெட்டுவிடும்.